குவாண்டம் இயந்திரவியல்: சனிக்கிழமை மண்டபத்தில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

பெரியவர்கள் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் பெஸ்தாரி ஜெயாவில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஒரு கோயில் மண்டபத்தின் பின்னறையில், பல்கலைக்கழக விடுமுறைக்கு வீடு திரும்பும் மாணவர்களுக்குச் சனிக்கிழமை மாலைகளில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஆறாம் படிவத்திலும் மெட்ரிகுலேஷனிலும் நன்றாகச் செய்த பிள்ளைகள்கூடக் குவாண்டம் பாடம் தொடங்கிய மூன்றாவது வாரத்தில் தடுமாறுகிறார்கள். அவர்கள் விரிவுரையைக் கேட்பது மலாயிலோ ஆங்கிலத்திலோ. சந்தேகம் வருவதோ தமிழில். ஒரே கேள்விகளைப் பல ஆண்டுகளாகக் கேட்டுவிட்டதால், கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே அவற்றை எழுதிப் பதில்களோடு இங்கே தொகுத்திருக்கிறேன். மாணவர்களோடு வரும் பெற்றோரின் கேள்விகளும் இவற்றில் உண்டு.

"டீச்சர், குவாண்டம்னா என்ன? சுருக்கமா சொல்லுங்களேன்."

ரப்பர் தோட்டத்தில் பாலை லிட்டர் கணக்கில் அளந்தார்கள்; அதில் கால் லிட்டரும் உண்டு, அரைக்கால் லிட்டரும் உண்டு. செம்பனையில் குலையை எண்ணுகிறார்கள். அரைக் குலை என்று கணக்கெழுத முடியாது. ஆற்றல் பால் போன்றது என்று இயற்பியல் நெடுங்காலம் நம்பியிருந்தது. சில சூழல்களில் அது குலை போன்றது என்று கண்டுகொண்டதுதான் குவாண்டம் கொள்கையின் தொடக்கம். 1900 டிசம்பரில் மாக்ஸ் பிளாங்க், சூடான பொருள் வெளிவிடும் ஒளியை விளக்க இந்த எண்ணத்தைக் கையாண்டார். ஒரு பொட்டலத்தின் ஆற்றல் என்பது ஒளியின் அதிர்வெண்ணைப் பிளாங்க் மாறிலியால் பெருக்கி வருவது. அந்த மாறிலி 6.62607015 × 10⁻³⁴ ஜூல்-விநாடி. 2019 முதல் கிலோகிராமே இந்த எண்ணைக் கொண்டுதான் வரையறுக்கப்படுகிறது.

உவமை இங்கேயே ஒரு தவறான முடிவுக்கும் இழுத்துச் செல்லும். எல்லா ஆற்றலும் படிப்படியாகத்தான் இருக்கும் என்பதில்லை. எதனாலும் கட்டுண்டிராத எலக்ட்ரான் எந்த ஆற்றலையும் கொள்ளலாம். அணுவுக்குள்ளோ, மூலக்கூறுக்குள்ளோ, ஏதோ ஓர் எல்லைக்குள்ளோ அது அடைபட்டிருக்கும்போதுதான் படிகள் தோன்றுகின்றன.

"பழைய இயற்பியல் நல்லாத்தானே இருந்துச்சு, எதுக்கு இது?"

பாலம் கட்டவும் லாரி ஓட்டவும் இன்றும் அது போதும். அது தோற்ற இடங்களில் மிகத் தெளிவானது ஒளிமின் விளைவு, அதாவது ஒளி பட்டு உலோகத்திலிருந்து எலக்ட்ரான் வெளியேறுவது. சோடிய உலோகத்திலிருந்து ஓர் எலக்ட்ரானை வெளியே எடுக்க ஏறக்குறைய 2.3 எலக்ட்ரான்வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் சிறிய அலகு) ஆற்றல் வேண்டும். 650 நானோமீட்டர் சிவப்பு ஒளியின் ஒரு ஃபோட்டானில், அதாவது ஓர் ஒளிப் பொட்டலத்தில், இருப்பது 1.9 எலக்ட்ரான்வோல்ட்தான். ஆகவே நூறு சிவப்பு விளக்குகளைச் சேர்த்து அடித்தாலும் எலக்ட்ரான் வராது. 400 நானோமீட்டர் ஊதா ஒளியின் ஃபோட்டானிலோ 3.1 இருப்பதால், மங்கலான ஊதா விளக்கே போதும், எலக்ட்ரான் 0.8 எலக்ட்ரான்வோல்ட் வரையிலான இயக்க ஆற்றலோடு உடனே வெளியேறும். ஒளி வெறும் அலை என்றால் பிரகாசத்தைக் கூட்டினால் வேலை நடந்திருக்க வேண்டும். 1905இல் ஐன்ஸ்டைன் தந்த விளக்கம் இதுவே. 1921ஆம் ஆண்டுக்கான நோபெல் பரிசில் குறிப்பிடப்பட்ட பணியும் இதுதான், சார்பியல் அன்று.

"எலக்ட்ரான் அலையா, துகளா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க லா."

ஒன்று சொல்ல முடியாததற்குக் காரணம் எலக்ட்ரானிடம் இல்லை, நம் சொற்களிடம் இருக்கிறது. அலை, துகள் ஆகிய இரண்டு சொற்களும் நாம் ஆற்றையும் கூழாங்கல்லையும் பார்த்து உண்டாக்கியவை. எலக்ட்ரான் எங்கே கிடைக்கும் என்பதற்கான வாய்ப்பு அலையைப் போலப் பரவுகிறது. கிடைக்கும்போது அது எப்போதும் முழுசாக, ஒரே இடத்தில் கிடைக்கிறது.

1989இல் ஜப்பானில் அகிரா தொனொமுராவின் குழு, ஒரு நேரத்தில் ஓர் எலக்ட்ரான் மட்டுமே கருவிக்குள் இருக்கும்படி அனுப்பிப் படமெடுத்தது. முதல் பத்துப் பதினைந்து எலக்ட்ரான்கள் திரையில் கண்டபடி சிதறிய புள்ளிகளாகத்தான் விழுந்தன. ஆயிரக்கணக்கில் சேர்ந்தபின், கரும்பட்டையும் வெண்பட்டையுமாக அலைகளுக்கே உரிய குறுக்கீட்டுக் கோலம் தெரிந்தது. ஒவ்வொரு புள்ளியும் துகளின் கையெழுத்து, புள்ளிகளின் அடர்த்தி அலையின் கையெழுத்து. அந்தப் படங்களை ஒருமுறை வரிசையாகப் பார்த்த மாணவர்கள் இந்தக் கேள்வியை மறுபடி கேட்பதில்லை.

"அப்போ நான் எறியிற ரப்பர் கொட்டைக்கும் அலைநீளம் இருக்கணுமே?"

இருக்கிறது. 1924இல் தெ பிராய் தந்த விதிப்படி, பிளாங்க் மாறிலியை உந்தத்தால், அதாவது நிறையை வேகத்தால் பெருக்கி வருவதால், வகுத்தால் அலைநீளம் வரும். 4 கிராம் ரப்பர் கொட்டை விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பறந்தால் அதன் அலைநீளம் சுமார் 1.7 × 10⁻³² மீட்டர். அணுக்கருவின் அளவு 10⁻¹⁵ மீட்டர் அளவில் இருக்க, அதிலும் பத்துக் கோடி கோடி மடங்குக்கு மேல் சிறிய அலையை எந்தத் துளை வைத்தும் வளைக்க முடியாது. 100 வோல்ட்டால் முடுக்கிய எலக்ட்ரானுக்கோ 0.12 நானோமீட்டர் வருகிறது. அது படிகத்தில் அணுக்களுக்கு இடையே உள்ள தூரத்துக்கு ஒப்பானது. அதனால்தான் 1927இல் டேவிசனும் ஜெர்மரும் நிக்கல் படிகத்தைக் கொண்டு அந்த அலையைக் கண்டார்கள். 1999இல் வியன்னாவில் 60 கார்பன் அணுக்கள் சேர்ந்த பந்து மூலக்கூறுக்கும் இது காட்டப்பட்டது.

"அலைச்சார்புன்னு சொல்றாங்களே, அதுல எது அலையுது?"

தண்ணீர் அலையில் தண்ணீர் அசைவது போல இங்கே எந்தப் பொருளும் அசைவதில்லை. 1926இல் மாக்ஸ் போர்ன் சொன்னபடி, அலைச்சார்பு ஓர் எண். அதன் பருமனை வர்க்கப்படுத்தினால், துகளை அந்த இடத்தில் காண்பதற்கான நிகழ்தகவு அடர்த்தி கிடைக்கும். எலக்ட்ரானே மாவு போல் கரைந்து பரவியிருக்கிறது என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: இரண்டு எலக்ட்ரான்களுக்கு அலைச்சார்பு இரண்டல்ல, ஒன்றே, அது மூன்று அச்சுகளில் அல்ல, ஆறு அச்சுகளில் எழுதப்படுவது. நம் அறையில் பரவிக் கிடக்கும் பொருளுக்கு ஆறு அச்சுகள் தேவைப்படாது.

மொத்த நிகழ்தகவு ஒன்றாக வரும்படி அலைச்சார்பைச் சரிசெய்வதை நெறிப்படுத்தல் என்பார்கள். நான் மாணவியாக இருந்தபோது அதை வெறும் சடங்காக எண்ணி ஒரு தேர்வில் விட்டுவிட்டேன், நிகழ்தகவு 2.4 என்று விடை வந்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. நூற்றுக்கு 240 வாய்ப்பு என்று திருத்தியவர் ஓரத்தில் எழுதியிருந்தார்.

"ஷ்ரோடிங்கர் சமன்பாட்டை எதிலேருந்து வருவிக்கிறது?"

எதிலிருந்தும் வருவிப்பதில்லை. நியூட்டனின் இரண்டாம் விதியை எதிலிருந்து வருவித்தீர்கள் என்று யாரும் கேட்டதில்லை. அதே நிலைதான் இதற்கும். அலைச்சார்பு காலப்போக்கில் எப்படி மாறும் என்று சொல்லும் அந்தச் சமன்பாட்டை ஷ்ரோடிங்கர் 1926இல் முன்வைத்தார். ஹைட்ரஜன் அணுவின் ஆற்றல் மட்டங்கள், மிகத் தாழ்ந்தது மைனஸ் 13.6 எலக்ட்ரான்வோல்ட் என்பது உட்பட, அதிலிருந்து சரியாக வந்தன, அதனால் நம்புகிறோம். நூல்களில் வருவிப்பு போலத் தெரியும் பக்கம் அதை ஏற்கத்தக்கதாக்கும் வாதம் மட்டுமே.

"மைனஸ் ஒண்ணுக்கு வர்க்கமூலமே கிடையாது. இல்லாத எண்ணை வச்சு இருக்கிற உலகத்தைக் கணக்குப் பண்றது எப்படி?"

மைனஸ் மூன்று ரிங்கிட்டையும் யாரும் கையில் பிடித்ததில்லை. ஆயினும் கடைக்காரரின் கடன் நோட்டில் அது வேலை செய்கிறது. மைனஸ் ஒன்றின் வர்க்கமூலம் கலந்த எண்ணைக் கலப்பெண் என்பார்கள். அதை ஒரு கடிகார முள்ளாக நினைத்துக்கொள்ளுங்கள்: அதற்கு நீளம் ஒன்று, திசை ஒன்று. நீளத்தின் வர்க்கம் நிகழ்தகவைத் தருகிறது. இரண்டு வழிகளில் வரும் முட்கள் ஒரே திசை காட்டினால் கூடுகின்றன, எதிர்த்திசை காட்டினால் அழிகின்றன. மேலே சொன்ன தொனொமுராவின் கரும்பட்டைகள் முட்கள் ஒன்றையொன்று அழித்த இடங்கள். வெறும் நிகழ்தகவுகளைக் கூட்டினால் ஒருபோதும் குறையாது. அழிவதற்குத் திசை வேண்டும், திசைக்குக் கலப்பெண் வேண்டும்.

"பெட்டிக்குள் துகள்னு ஒரு கணக்கு. அந்த மாதிரி பெட்டி எங்கே இருக்கு? பரீட்சைக்கு மட்டும்தானா?"

இந்தக் கேள்வியை முதலில் கேட்ட பையனின் அப்பா செம்பனை ஆலையில் வேலை செய்பவர். அடுத்த வாரம் ஒரு சின்னப் போத்தலில் கச்சா செம்பனை எண்ணெய் எடுத்துவரச் சொன்னேன். மஞ்சளும் சிவப்பும் கலந்து, வெளிச்சத்தில் பிடித்தால் குங்குமப்பூ ஊறின நீர் போலிருந்தது. கடையில் வாங்கும் சமையல் எண்ணெய் அப்படி இருப்பதில்லை. அந்தச் சிவப்புக்குக் காரணம் கரோட்டீன். பெட்டிக்குள் துகள் என்பதற்கு நம் ஊரில் அதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

பீட்டா கரோட்டீன் மூலக்கூறின் முதுகெலும்பில் 11 இரட்டைப் பிணைப்புகள் ஒன்றுவிட்டொன்றாக வருகின்றன. அவற்றிலுள்ள 22 எலக்ட்ரான்கள் எந்த ஒரு பிணைப்புக்கும் கட்டுப்படாமல் சங்கிலி நெடுகிலும் உலவுகின்றன. சங்கிலியின் இரு முனைகளும் பெட்டியின் சுவர்கள். பெட்டியில் ஆற்றல் நிலை எண்ணின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும், பெட்டி நீளத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழ் விகிதத்திலும் இருக்கும். ஒரு மட்டத்துக்கு இரண்டு எலக்ட்ரான்கள் என 11 மட்டங்கள் நிறைகின்றன. ஒளியை விழுங்கும் எலக்ட்ரான் 11இலிருந்து 12க்குத் தாவுகிறது. 144இலிருந்து 121ஐக் கழித்தால் 23. எலக்ட்ரானுக்கு உரிய மாறிலி 0.376 எலக்ட்ரான்வோல்ட்-சதுர நானோமீட்டர். 21 பிணைப்புகளுக்கு ஒவ்வொன்றும் 0.14 நானோமீட்டர் என்று வைத்தால் பெட்டியின் நீளம் 2.94 நானோமீட்டர். பெருக்கி வகுத்தால் தாவலுக்கான ஆற்றல் 1.0 எலக்ட்ரான்வோல்ட் என்று வருகிறது.

சோதனையிலோ கரோட்டீன் 450 நானோமீட்டர் அருகே நீல ஒளியை விழுங்குகிறது, அதாவது 2.75 எலக்ட்ரான்வோல்ட். நீலம் போனதால்தான் எஞ்சியது ஆரஞ்சுச் சிவப்பாகத் தெரிகிறது. கணக்கு கிட்டத்தட்ட மூன்று மடங்கு பிழை. சில பாடநூல்கள் பெட்டியின் நீளத்தைச் சுருக்கிப் பொருத்திவிட்டு நகர்ந்துவிடுகின்றன. எனக்கு அது பிடிப்பதில்லை. பிழைக்கு நேர்மையான காரணம் உண்டு: கரோட்டீனில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் ஒரே நீளமுடையவை அல்ல. ஆகவே பெட்டியின் அடித்தளம் சமதளமாக இல்லாமல் மேடும் பள்ளமுமாக இருக்கிறது, அது நிறைந்த மட்டத்துக்கும் காலி மட்டத்துக்கும் இடையே கூடுதல் இடைவெளியைத் திறக்கிறது. பிணைப்புகள் ஏறத்தாழச் சமமாக இருக்கும் சயனின் சாயங்களில் இதே எளிய கணக்கு நன்றாகவே பொருந்துகிறது. சுத்திகரிப்பின்போது வெளுக்கும் மண்ணும் உயர் வெப்பமும் கரோட்டீனை நீக்கியும் சிதைத்தும் விடுகின்றன. நீண்ட பெட்டி உடைந்து குட்டிப் பெட்டிகள் ஆனால் தாவலுக்கு வேண்டிய ஆற்றல் கூடிப் புற ஊதாவுக்குப் போய்விடும், கண்ணுக்கு நிறம் இராது. சமையலறைப் போத்தல் வெளிறியிருப்பது அதனால்தான்.

"கம்போங் குவாந்தான் மின்மினிக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?"

உண்டு, அதுவும் மேலே சொன்னதன் மறுபக்கமாக. கரோட்டீனில் எலக்ட்ரான் ஒளியை விழுங்கி மேலே போகிறது. மின்மினியில் அது மேலிருந்து இறங்கி ஒளியை விடுகிறது. சிலாங்கூர் ஆற்றங்கரையின் பெரெம்பாங் மரங்களில் ஒரே தாளத்தில் மின்னும் அந்தப் பூச்சிகளின் வயிற்றில், லூசிஃபெரின் என்னும் பொருள் ஆக்சிஜனோடு சேரும்போது, விளைபொருளின் எலக்ட்ரான் உயர்மட்டத்தில் பிறக்கிறது. அது கீழிறங்கும்போது ஏறக்குறைய 2.2 எலக்ட்ரான்வோல்ட் கொண்ட ஒரு ஃபோட்டான் வெளிப்படுகிறது. பச்சை கலந்த மஞ்சள். வீட்டு எல்இடி விளக்கிலும் இறக்கம்தான், அங்கே மூலக்கூறுக்குப் பதில் குறைகடத்திப் படிகம். இழை விளக்கைப் போலச் சூடாகி ஒளிர்வதில்லை என்பதால்தான் மின்மினியைக் கையில் பிடித்தால் சுடுவதில்லை.

"கருவி ரொம்ப நல்லதா இருந்தா நிச்சயமின்மை போயிடும்தானே?"

போகாது. இடத்தின் பரவலையும் உந்தத்தின் பரவலையும் பெருக்கினால் ஓர் எல்லைக்குக் கீழே வராது என்று ஹைசன்பர்க் 1927இல் காட்டியது அளவுகோலின் குறையைப் பற்றியது அல்ல. குறுகிய இடத்தில் அடங்கும் அலை வேண்டுமானால் பல அலைநீளங்களைச் சேர்த்தாக வேண்டும். பல அலைநீளம் என்றால் பல உந்தம். உருமி மேளத்தில் ஒரு தட்டு மட்டும் தட்டினால் அது எந்தச் சுருதி என்று சொல்ல முடியாது, நாதஸ்வரத்தில் நீட்டிப் பிடித்தால் சொல்லலாம், ஆனால் அது எந்தக் கணத்தில் ஒலித்தது என்று கேட்க முடியாது. காதில் குறையில்லை, ஒலியின் இயல்பே அது.

இந்த எல்லை இல்லாவிட்டால் அணுவே இராது. எலக்ட்ரானை அணுக்கருவின் அருகே நெருக்க நெருக்க அதன் உந்தப் பரவல் கூடி இயக்க ஆற்றல் ஏறுகிறது. 0.1 நானோமீட்டருக்குள் அடைத்தால் வேகத்தின் பரவல் விநாடிக்குச் சுமார் 600 கிலோமீட்டருக்குக் குறையாது. கருவின் ஈர்ப்பும் இந்த ஏற்றமும் சமப்படும் இடத்தில் அணுவின் அளவு நிலைக்கிறது.

"நாம பார்த்தாத்தான் ஒண்ணு இருக்கும்னு குவாண்டம் சொல்லுதாமே? அந்தப் பூனை கதை?"

அளத்தல் என்ற சொல்லைப் பார்த்தல் என்று மொழிபெயர்த்ததால் வந்த வினை இது. மனிதக் கண்ணோ மனமோ தேவையில்லை. இரண்டு துளைகள் திறந்திருக்க, எலக்ட்ரான் எந்தத் துளை வழியே போனது என்ற செய்தி ஒரு காற்று மூலக்கூறில் பதிந்துவிட்டாலும் போதும், குறுக்கீட்டுக் கோலம் மறையும். யாருமில்லாத இரவிலும் அது நடக்கும்.

1935இல் ஷ்ரோடிங்கர், ஓர் அணு சிதைந்தால் நஞ்சு வெளிப்படும் கற்பனைப் பெட்டியில் பூனையை வைத்தது, பூனை உயிரோடும் செத்தும் இருக்கிறது என்று பறைசாற்ற அல்ல. சமன்பாட்டை அப்படியே பூனை வரை நீட்டினால் இப்படி அபத்தமாக வருகிறதே என்று காட்டத்தான். பூனையின் மேல் ஓயாமல் மோதும் காற்றும் வெப்பக் கதிரும் மேலே சொன்ன செய்தியை நொடிக்குள் எல்லாத் திசையிலும் கொண்டுபோய்விடுவதால், இரு நிலைகளுக்கு இடையே குறுக்கீடு காண வழியில்லாமல் போகிறது. இது ஏன் குறுக்கீடு தெரியவில்லை என்பதை விளக்குகிறது. பல முடிவுகளில் ஒன்று மட்டும் ஏன் நமக்குக் கிடைக்கிறது என்பதில் இயற்பியலாளர்களிடையே இன்னும் உடன்பாடு இல்லை. முதலாண்டு மாணவர் அதை எண்ணித் தூக்கம் கெட வேண்டியதில்லை, கணக்கு எல்லாத் தரப்பிலும் ஒன்றுதான்.

"எலக்ட்ரான் சுவரைத் தாண்டிப் போகுமாம். நான் மோதினா மண்டைதானே உடையுது?"

உடையும். தன் ஆற்றலைவிட 1 எலக்ட்ரான்வோல்ட் உயரமான தடுப்பை எதிர்கொள்ளும் எலக்ட்ரானுக்கு, தடுப்பின் தடிமன் அரை நானோமீட்டர் என்றால் கடக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் ஆறு அளவில் இருக்கிறது. ஒரு நானோமீட்டர் என்றால் லட்சத்தில் நான்கு. தடிமன் இரட்டித்தால் வாய்ப்பு பாதியாகவில்லை, நூற்றுக்கும் மேற்பட்ட மடங்கு விழுந்துவிட்டது. இதில் நிறையும் தடிமனும் அடுக்குக்குறியில் உட்கார்ந்திருப்பதால், 60 கிலோ மனிதருக்கும் செங்கல் சுவருக்கும் வரும் எண்ணை எழுதக் காகிதம் போதாது.

இந்தச் செங்குத்தான வீழ்ச்சியே பயனாகவும் ஆகிறது. 1981இல் உருவான ஊடுருவல் நுண்ணோக்கியில் ஊசிமுனை ஓர் அணுவின் அகலத்தில் ஒரு பங்கு நகர்ந்தாலே மின்னோட்டம் பல மடங்கு மாறும்; அணுக்களைத் தடவிப் பார்ப்பது அப்படித்தான். கைப்பேசியின் நினைவகத்தில் எலக்ட்ரான்களை மெல்லிய காப்புப் படலத்தின் ஊடே உள்ளே தள்ளிச் சேமிக்கிறார்கள், மின்சாரம் நின்றாலும் படம் அழியாமல் இருப்பது அவை அங்கே சிக்கியிருப்பதால். 2025இன் இயற்பியல் நோபெல் பரிசு கிளார்க், டெவொரே, மார்ட்டினிஸ் ஆகிய மூவருக்குக் கிடைத்தது, கையில் பிடிக்கும் அளவுள்ள மின்சுற்றிலேயே இந்த ஊடுருவலைக் காட்டியதற்காக.

"டீச்சர், குவாண்டம் டாலர்னு கழுத்துல போடுறது விக்கிறாங்க. மூட்டுவலி போகுமா?"

இதைக் கேட்டவர் மாணவர் அல்லர். ஒரு மாணவியின் பாட்டி. போகாது அம்மா, பணம்தான் போகும். கல்லும் உலோகமும் குவாண்டம் விதிப்படி இருப்பது உண்மை, உங்கள் வீட்டு அம்மிக்கல்லும் அப்படித்தான் இருக்கிறது. இந்த வகைப் பொருள்களில் சில வீண் மட்டுமல்ல, தீங்கும்கூட: 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு அமைப்பு, குவாண்டம் பெயரில் விற்ற பதக்கம் உட்பட 10 பொருள்களில் கதிரியக்கம் இருப்பதாகக் கண்டு, அணிய வேண்டாம் என எச்சரித்தது. எதிர்மின் அயனி வெளிவிடும் என்று சொல்வதற்காக இவற்றில் சேர்க்கும் தாதுப்பொடியில் தோரியம் இருப்பதுண்டு.

"எலக்ட்ரான் உண்மையிலேயே பம்பரம் மாதிரி சுத்துதா?"

தற்சுழற்சி என்ற பெயர்தான் அப்படி எண்ண வைக்கிறது. எலக்ட்ரானை ஒரு சிறு பந்தாக வைத்துக் கணக்கிட்டால், அதன் விளிம்பு ஒளியைவிட வேகமாகச் சுற்ற வேண்டிவரும். 1922இல் ஷ்டெர்னும் கெர்லாக்கும் வெள்ளி அணுக்களைச் சீரற்ற காந்தப்புலத்தில் விட்டபோது, பம்பரம் என்றால் எல்லாச் சாய்வும் வந்து திரையில் ஒரே கீற்றாகப் பரவியிருக்கும். வந்ததோ இரண்டு கீற்று. எலக்ட்ரானுக்கு நிறையும் மின்னூட்டமும் எப்படி உடன்பிறந்தவையோ, அப்படியே இதுவும்.

மருத்துவமனையின் எம்ஆர்ஐ கருவி புரோட்டானின் தற்சுழற்சியைப் பயன்படுத்துகிறது. 1.5 டெஸ்லா காந்தப்புலத்தில் இரு நிலைகளுக்கு இடையேயான தாவலுக்கு வேண்டியது சுமார் 64 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலை. ஃபோட்டான் ஒன்றின் ஆற்றல் மின்மினி ஒளியினுடையதைவிடப் பல மில்லியன் மடங்கு குறைவு. எக்ஸ் கதிர் போல மூலக்கூறை உடைக்கும் வலு அதற்கில்லை.

"எல்லா எலக்ட்ரானும் அச்சு அசலா ஒண்ணுன்னா, அதனால என்ன வந்துடும்?"

நட்சத்திரம் நிற்கும். இரண்டு எலக்ட்ரான்களை இடம் மாற்றினால் அலைச்சார்பின் குறி மாறும் என்பது விதி. இரண்டும் ஒரே நிலையில் இருந்தால் அது தனக்குத்தானே எதிர்க்குறியாகி, பூச்சியமாக வேண்டும். அதாவது அப்படி ஒரு நிலையே கிடையாது. பெட்டிக் கணக்கில் ஒரு மட்டத்துக்கு இரண்டு என்று அடுக்கியது இதனால்தான், இரண்டுக்கும் தற்சுழற்சி எதிரெதிர். எரிபொருள் தீர்ந்த நட்சத்திரத்தை ஈர்ப்பு நசுக்கும்போது, எலக்ட்ரான்கள் கீழ் மட்டங்களில் இடமின்றி மேல் மட்டங்களுக்குப் போய், அந்த இயக்கமே அழுத்தமாகித் தாங்குகிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர் 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது, 19 வயதில், இந்தத் தாங்கலுக்கு ஓர் எல்லை உண்டு என்று கணக்கிட்டார். இன்று அது சூரியனின் நிறையைப் போல் 1.4 மடங்கு என்று கொள்ளப்படுகிறது. நோபெல் பரிசு 1983இல் வந்தது.

"பின்னிப் பிணைந்த ரெண்டு துகளை வச்சு ஒளியைவிட வேகமா செய்தி அனுப்பலாமா?"

ஒரு ஜோடிச் செருப்பில் ஒன்றைத் தைப்பிங்குக்கும் மற்றதை ஜொகூருக்கும் பெட்டியில் அனுப்பினால், தைப்பிங்கில் திறந்தவர் இடக்கால் செருப்பைக் கண்டவுடன் ஜொகூரில் இருப்பது வலக்கால் என்று அறிவார். செய்தி எதுவும் பயணிக்கவில்லை. குவாண்டம் பின்னலில் புதுமை என்னவென்றால், பெட்டியில் போகும்போதே இடமா வலமா என்று தீர்மானமாகியிருந்தது என எண்ணினால் கணக்கு ஒத்துவராது. 1964இல் ஜான் பெல் அதைச் சோதிக்கும் அளவுகோலைத் தந்தார். அஸ்பே, கிளவுசர், சைலிங்கர் மூவரும் சோதனைகளுக்காக 2022இல் நோபெல் பெற்றார்கள். ஆயினும் ஒவ்வொரு முனையிலும் தனியாகப் பார்த்தால் கிடைப்பது தலை, பூ போல் தற்செயல் வரிசைதான். இரண்டையும் ஒப்பிடும்போதே ஒற்றுமை தெரியும். ஒப்பிடத் தொலைபேசி எடுக்க வேண்டும்.

"குவாண்டம் கணினி எல்லா விடையையும் ஒரே நேரத்துல போட்டுப் பார்த்துடுமாமே?"

பாதி உண்மை, அதனால் முழுப் பொய்யைவிடத் தொல்லை. 50 குவாண்டம் பிட்டுகளின், அதாவது 0, 1 இரண்டும் கலந்து நிற்கக்கூடிய அலகுகளின், நிலையை விவரிக்க ஆயிரம் லட்சம் கோடிக்கு மேற்பட்ட, அதாவது 10¹⁵ஐத் தாண்டிய கலப்பெண்கள் வேண்டும். ஆனால் அளக்கும்போது கையில் கிடைப்பது 50 பிட்டுகள் மட்டுமே, அதுவும் தற்செயலாக. கலப்பெண் கேள்வியில் சொன்ன கடிகார முட்களை, தவறான விடைகளில் ஒன்றையொன்று அழிக்கும்படியும் சரியானதில் கூடும்படியும் ஏற்பாடு செய்யத் தெரிந்தால்தான் லாபம். பெரிய எண்ணைக் காரணிப்படுத்த 1994இல் பீட்டர் ஷோர் அத்தகைய ஏற்பாட்டைக் கண்டார். எல்லாக் கணக்குக்கும் அப்படி ஒன்று கிடைப்பதில்லை.

"இதைப் படிச்சா பிள்ளைக்கு என்ன வேலை கிடைக்கும் டீச்சர்?"

குவாண்டம் என்று பலகை மாட்டிய வேலை நம் நாட்டில் அரிது. அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் குறைகடத்தி, மருத்துவ இயற்பியல், பொருள் அறிவியல் மூன்றும் இந்தப் பாடத்தின் மேல்தான் நிற்கின்றன. பினாங்கு பாயான் லெப்பாசிலும் கூலிமிலும் உள்ள சில்லுத் தொழிற்சாலைகளில் நம் தோட்டத்துப் பிள்ளைகள் இயந்திரம் இயக்குபவர்களாக ஏற்கனவே இருக்கிறார்கள். இயந்திரத்துக்குள் நடப்பதைப் புரிந்தவர்களாகப் போக இது உதவும். பாங்கியில் உள்ள மலேசிய அணுசக்தி முகமையில் 1982 முதல் ஆய்வு உலை இயங்குகிறது. ரப்பர் பாலையே காமா கதிரால் பதப்படுத்தும் ஆய்வும் அங்கே நடந்திருக்கிறது.

"நிலையான நிலைன்னா எலக்ட்ரான் அசையாம நிக்குதா?"

இல்லை. நிகழ்தகவின் வடிவம் மட்டும் மாறாமல் இருக்கிறது; இயக்க ஆற்றல் பூச்சியமல்ல. அலைச்சார்பின் கடிகார முள் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் சுழல்வதால், நீளத்தின் வர்க்கத்தில் அந்தச் சுழற்சி தெரிவதில்லை. இரண்டு ஆற்றல் நிலைகளைக் கலந்துவிட்டால் முட்களின் வேகம் வேறுபடும், நிகழ்தகவும் அங்குமிங்கும் ஆடத் தொடங்கும். அந்த ஆட்டத்தின் அதிர்வெண் இரு ஆற்றல்களின் வேறுபாட்டைப் பிளாங்க் மாறிலியால் வகுத்தது. கரோட்டீனின் 2.75 எலக்ட்ரான்வோல்ட்டுக்கு விநாடிக்கு 6.6 × 10¹⁴ முறை வருகிறது; அது விழுங்கும் நீல ஒளியின் அதிர்வெண்ணும் அதுவே. ஒளி ஏன் அந்த அதிர்வெண்ணில் மட்டும் பிடிமானம் பெறுகிறது என்பதைப் பாடத்தில் விரிவாகச் சொல்லப் பல அத்தியாயங்கள் ஆகும், ஆனால் காரணத்தின் வேர் இங்கே இருக்கிறது.

"எங்கே மார்க் போகுதுன்னு மட்டும் சொல்லுங்க."

கலந்த நிலையில் ஆற்றல் எவ்வளவு என்ற கேள்விக்குச் சராசரியை எழுதிவிட்டு, அளந்தால் அதுதான் கிடைக்கும் என்று சேர்த்து எழுதுவதில் போகிறது. ஓர் அளவீட்டில் கிடைப்பது ஏதோ ஒரு மட்டத்தின் ஆற்றல், சராசரி எந்த மட்டத்திலும் இல்லாமல் இருக்கலாம். நிகழ்தகவு கேட்டால் அலைச்சார்பையே எழுதிவிடுவதில் போகிறது. மிகுதியும் அலகில் போகிறது. என் மாணவர்களை அட்டையின் பின்புறத்தில் மூன்று எண்களை எழுதிவைக்கச் சொல்வேன்: ஃபோட்டானின் ஆற்றலுக்கு 1240ஐ நானோமீட்டரால் வகுக்க வேண்டும், பெட்டிக்கு 0.376, ஹைட்ரஜனுக்கு 13.6, விடை எலக்ட்ரான்வோல்ட்டில் வரும். போன பருவத்தில் ஒருவர் எலக்ட்ரானின் அலைநீளம் 12 கிலோமீட்டர் என்று விடை எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டிருந்தார். மண்டபத்திலிருந்து அளந்தால் அந்த அலை கோல சிலாங்கூர்ச் சாலையில் பாதி வழிக்கு மேல் போயிருக்கும்.